செல்ல நாய் இறந்துட்டா 'பாடம்' பண்ணி வீட்டிலேயே வைக்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?

பத்து, பன்னிரண்டு வருஷம் வாசலைக் காத்த நாய் ஒருநாள் கண்ணை மூடிடுது. புதைக்க மனசு வரல. 'அப்படியே பாடம் பண்ணி வீட்டுல வெச்சுக்கலாமா?' என்று யாராவது கேட்பார்கள். தேனி மாவட்டம் மயிலாடும்பாறை போன்ற மலையடிவார ஊர்களில் இந்தக் கேள்விக்குள் சட்டமும் இருக்கிறது, நோய் ஆபத்தும் இருக்கிறது. முடிவெடுக்கக் கிடைப்பதோ சில மணி நேரம்தான்.

பாடம் செய்வது என்றால் என்ன?

ஆங்கிலத்தில் டாக்ஸிடெர்மி. முழு உடலையும் அப்படியே பதப்படுத்துவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிஞ்சுவது பெரும்பாலும் தோலும் ரோமமும்தான். உடலை அளவெடுத்து, தோலை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, உப்பும் ரசாயனமும் போட்டுப் பதப்படுத்துவார்கள். அதே அளவில் ஃபோம் அல்லது ஃபைபரில் ஓர் உருவம் செய்து, அதன் மேல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். கண்கள் கண்ணாடி. உடலைக் கடுங்குளிரில் வைத்து, ஈரத்தை மட்டும் மெல்ல உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஏன் அவசரம்?

உயிர் போனதும் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். வயிற்றுப் பகுதியில்தான் முதலில் அழுகும். அங்கே ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் எந்தக் கைதேர்ந்தவராலும் சரிசெய்ய முடியாது. நம்ம ஊர் வெயிலில் இது இன்னும் வேகம். உடனே துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, ஃப்ரீசரில் வைத்தால்தான் வாய்ப்பே.

சட்டம் என்ன சொல்லுது?

நாய், பூனை, ஆடு, மாடு, கோழி ஆகியவை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வராது. இவற்றைப் பாடம் செய்ய வனத்துறை அனுமதி தேவையில்லை.

ஆனால் பச்சைக்கிளி, மைனா, மயில், மலை அணில் கதையே வேற. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம். 'ஆசையா வளர்த்தேன், செத்த பிறகு பாடம் பண்றேன்' என்று சொன்னால் வழக்கு ரெட்டிப்பாகும். பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கு செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. அது உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய வன அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். மேகமலைப் பகுதி 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டி வாழ்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும்.

யார் செய்து தருவாங்க?

ஒரு காலத்தில் மைசூரின் வான் இங்கன் நிறுவனம் வேட்டையாடிய புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்றிருந்தது. வேட்டைக்குத் தடை வந்த பிறகு வேலை சுருங்கி, 1999-ல் மூடப்பட்டது. இப்போது அதிகம் பேசப்படுபவர் மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்த டாக்டர் சந்தோஷ் கெய்க்வாட். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-ல் தொடங்கிய பாடம் செய்யும் மையத்தின் பின்னால் இருந்தவர் இவர்தான். மயிலாடும்பாறையிலிருந்து மும்பை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதுவரை உடல் உறைந்தே இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல்.

எப்போது செய்யவே கூடாது?

வெறிநாய்க்கடி நோய் சந்தேகம் இருந்தால் உடலைத் தொடாதீர்கள். மாடு திடீரென்று செத்து மூக்கு, வாய், ஆசனவாயில் ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுத்தாலோ தோலை உரித்தாலோ கிருமி மண்ணில் பல்லாண்டுகள் தங்கி மனிதர்களுக்கும் பரவும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். உதவிக்கு 1962 எண் இருக்கிறது.

அதே முகம் கிடைக்குமா?

புலியைப் பாடம் செய்தால் புலி மாதிரி இருந்தால் போதும். உங்கள் நாய் 'உங்கள் நாய்' மாதிரியே இருக்கணும். பார்வை, காது மடிப்பு, உதட்டுச் சுருக்கம் இதில் ஒன்று மாறினாலும் வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் பலர் செல்லப்பிராணி வேலையைத் தயங்கித்தான் எடுக்கிறார்கள். நல்ல புகைப்படங்கள் பல கோணத்தில் இருந்தால்தான் ஓரளவு ஒப்பு வரும். அதன் பிறகும் வெயில், ஈரம், தோலை அரிக்கும் வண்டுகளிடமிருந்து ஆயுள் முழுக்கக் காப்பாற்ற வேண்டும்.

இறந்துபோன எஜமானருக்காக ரயில் நிலையத்தில் ஏறத்தாழ பத்து வருஷம் காத்திருந்த ஜப்பானின் ஹச்சிகோ 1935-ல் இறந்தது. அதன் உருவம் டோக்கியோவின் தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. அதைப் பராமரிக்க ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. நம் வீட்டில் அந்த வேலை நம் தலையில்தான்.

வேற வழி இருக்கா?

இருக்கு. காலடித் தடத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுக்கலாம். ஒரு கொத்து ரோமத்தை எடுத்து வைக்கலாம். கிணறு, ஓடைக்குத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, மேலே ஒரு மரக்கன்று நடலாம். ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை போட்டு, மேளம் அடித்து ஊர்கூடி அடக்கம் செய்து சமாதி கட்டும் வழக்கம் நம்ம பக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

பாடம் செய்வதுதான் முடிவென்றால், நாய்க்கு வயதாகும்போதே வீட்டில் பேசி வையுங்கள். யாரிடம் கொடுப்பது, எவ்வளவு செலவு, யார் பராமரிப்பது என்பதோடு, தினமும் அசையாத அந்த முகத்தைப் பார்க்க வீட்டில் எல்லோராலும் முடியுமா என்பதையும் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் யோசியுங்கள். தோலை உரித்த பிறகு முடிவை மாற்ற முடியாது.