உலாவியில் பயனர் கட்டுப்பாடு: விளம்பரத் தடுப்பான்களை முன்வைத்து

முன்னுரை

இணைய நெறிமுறை ஆவணங்கள் உலாவியைப் ‘பயனர் முகவர்’ என்று குறிப்பிடுகின்றன. பயனரின் சார்பில் வழங்கியிடமிருந்து பக்கத்தைக் கேட்டுப் பெற்று அவருக்குக் காட்டும் மென்பொருள் என்பது இதன் பொருளாகும். குரோம் உலாவியை உருவாக்கும் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட், 2023ஆம் ஆண்டு வருவாயில் முக்கால் பங்கிற்கு மேல் விளம்பரங்களால் ஈட்டியது. முகவரின் கடமையும் அதனை உருவாக்கியவரின் நலனும் முரண்படக்கூடிய இடமாக விளம்பரத் தடுப்பான்கள் அமைகின்றன. அம்முரணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடுப்பான் செயல்படும் முறை

இணையப் பக்கம் ஒரே கோப்பாக வந்து சேர்வதில்லை. செய்தித்தளம் ஒன்றைத் திறக்கும்போது எழுத்து, படம், விளம்பரம், பின்தொடர் நிரல் முதலியவற்றுக்காக உலாவி பல வழங்கிகளுக்குத் தனித்தனிக் கோரிக்கைகளை அனுப்புகிறது. தடுப்பான் என்னும் நீட்சி அக்கோரிக்கைகளை ‘ஈசிலிஸ்ட்’ போன்ற வடிகட்டிப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, பொருந்துவனவற்றை நிறுத்திவிடுகிறது. இதனால் விளம்பரம் நீங்குவதோடு, பயனரைப் பற்றிய தரவு பிற நிறுவனங்களுக்குச் செல்வதும் குறைகிறது.

விதிமுறை மாற்றம்

குரோம் நீட்சிகளுக்கான ‘மேனிஃபெஸ்ட்’ விதிமுறையின் இரண்டாம் பதிப்பில், ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே அந்நேரத்தில் ஆராய்ந்து தடுக்க முடிந்தது. 2018இன் இறுதியில் முன்வரைவாக அறியப்பட்ட மூன்றாம் பதிப்பு இதனை மாற்றியது. நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றைப் பொருத்திப் பார்த்துத் தடுப்பது உலாவியின் பணியாயிற்று. விதிகளின் வடிவத்தையும் எண்ணிக்கை வரம்பையும் உலாவியே வரையறுக்கிறது. 2025இல் குரோம் இரண்டாம் பதிப்பைக் கைவிட்டபோது, ரேமண்ட் ஹில் உருவாக்கிய ‘யூபிளாக் ஆரிஜின்’ அதில் செயலிழந்தது. திறன் குறைந்த ‘லைட்’ வடிவமே அங்கு எஞ்சியுள்ளது. மொசில்லாவின் பயர்பாக்ஸ் இரு முறைகளையும் ஆதரிக்கிறது.

வாதங்களும் மதிப்பீடும்

பாதுகாப்பு, அந்தரங்கம், வேகம் ஆகியவற்றை இம்மாற்றத்திற்குக் காரணங்களாகக் கூகுள் முன்வைத்தது. எல்லாக் கோரிக்கைகளையும் காணும் நீட்சி தீயோர் கையில் உளவுக் கருவியாகும் என்பதால் இவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் பயனரின் அனுமதி பெற்ற நீட்சி கோரிக்கைகளை உற்றுநோக்கும் வசதி மூன்றாம் பதிப்பிலும் தொடர்கிறது; பொதுப் பயனரின் நீட்சிகள் இழந்தது அவ்விடத்திலேயே தடுக்கும் வசதியை மட்டுமே. எனவே அந்தரங்கப் பாதுகாப்பு என்னும் காரணம் இம்மாற்றத்தை முழுமையாக விளக்கவில்லை.

விளம்பர வருவாயை நம்பியுள்ள பதிப்பாளர்களின் இழப்பும் கருதத்தக்கது. ஜெர்மனியில் ஆக்சல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் ‘ஆட்பிளாக் பிளஸ்’ மென்பொருளை வழங்கும் ஐயோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், விளம்பரத் தடுப்பு நியாயமற்ற வணிகப் போட்டி ஆகாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தடுப்பானைப் பயன்படுத்துவது பயனரின் தன்னுரிமையான முடிவு என்பதை அது கருத்தில் கொண்டது. பதிப்புரிமை சார்ந்த மற்றொரு வழக்கை அதே நீதிமன்றம் 2025இல் மறுவிசாரணைக்கு அனுப்பியுள்ளது.

முடிவுரை

தடுப்பான் இருக்கலாமா என்பதை நீதிமன்றத்தில் வெளிப்படையாக வாதிட முடிகிறது. அது எந்த அளவு செயல்படலாம் என்பதையோ உலாவி நிறுவனத்தின் தொழில்நுட்ப விதியே முடிவுசெய்கிறது. அதற்கு எதிராகப் பயனர் செய்யக்கூடியது வேறோர் உலாவிக்கு மாறுவதே. ஆகவே பயனர் கட்டுப்பாடு குறித்த ஆய்வுகள் சட்டத்தோடு நில்லாமல், நீட்சிகளுக்கான விதிமுறைகளையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ள வேண்டும்.