கோழிகளுக்கு முற்காவல்: இராணிக்கெட் நோயும் பிறபொருளெதிரிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளவுகள்தோறும் கோழிகள் உண்டு. வீட்டுக்கு முட்டையும் தோட்டத்துக்கு எருவும் தரும் இச்சிறு செல்வத்தைச் சில நாட்களில் அழிக்கவல்லது இராணிக்கெட் நோய். 1926ஆம் ஆண்டில் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்ட இந்நோய், பின்னர் இந்தியாவின் இராணிக்கெட் என்னும் மலையூரிற் காணப்பட்டமையால் இப்பெயர் பெற்றது. வாய் திறந்து மூச்சிழுத்தல், பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் ஆகியன இதன் அறிகுறிகள். நோய் கண்டபின் தீர்க்கும் மருந்து இல்லை.

பிறபொருளெதிரி யாது?

இந்நோயை விளைப்பது ஒரு வைரசு. இன்புளுவென்சா வைரசைப் போலவே இதுவும் தன் மேற்பரப்பிலுள்ள முனைகளாற் சுவாசவழிக் கலங்களைப் பற்றியே உட்புகும். உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்கள் அம்முனைகளை மூடிவிடுகின்றன. பற்ற வழியின்றி வைரசு வலுவிழக்கின்றது. ஆயின் அவை போதிய அளவு உண்டாக ஒரு வாரமளவு செல்லும். அதற்குள் நோய் முந்திவிடும். தடுப்பு மருந்து அவற்றை முன்கூட்டியே உண்டாக்குகின்றது.

இன்புளுவென்சா வைரசு கோழியின் செங்கலங்களை ஒட்டித் திரளச் செய்வதையும், பிறபொருளெதிரி அதனைத் தடுப்பதையும் 1941இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஹேர்ஸ்ற் கண்டார். கோழிகளின் இராணிக்கெட் எதிர்ப்பை அளப்பதற்கும் இம்முறையே இன்று பயன்படுகின்றது.

இன்புளுவென்சா வைரசு அடிக்கடி தன் முனைகளை மாற்றுதலால் மனிதருக்குரிய தடுப்பூசியும் அடிக்கடி புதுக்கப்படுகின்றது. இராணிக்கெட் வைரசு அத்துணை மாறுவதில்லை. பழைய மருந்தே இன்றும் காக்கும். எனவே காவல் தவறுவது பெரும்பாலும் காலமும் பேணலும் தவறுவதாலேயாம்.

கவனிக்க வேண்டியவை

1. தாய்க்கோழியின் பிறபொருளெதிரிகள் மஞ்சட்கரு வழியாகக் குஞ்சை அடைந்து, இரண்டு மூன்று வாரங்களிற் குறைந்துவிடும். அவை மிகுந்திருக்கையில் இடும் மருந்தின் பயனையும் குறைக்கும். ஆகையால் முதன் மருந்தோடு நின்றுவிடாது, கால்நடை வைத்தியர் குறிக்கும் நாளில் மறுமுறையும் இடுவிக்க வேண்டும்.

2. கண்ணில் விடும் சொட்டு மருந்து, கண், மூக்கு, தொண்டை ஆகிய வாயில்களிலேயே காவலை அமைக்கும்.

3. உயிர்மருந்து வெயிலிற் கெடும். அதனைப் பனிக்கட்டியுடன் கொண்டுவந்து, கரைத்தவுடன் பயன்படுத்துக.

4. நோயுற்ற கோழிக்கு மருந்திடுவதாற் பயனில்லை. அதனைப் பிரித்து வைத்து, இறந்தவற்றை ஆழப் புதைக்க வேண்டும்.

5. மருந்து பெற்ற கோழி நோயினின்று தப்பினும் வைரசைப் பரப்பக்கூடும். ஆதலாற் கூட்டின் துப்புரவும் இன்றியமையாதது.

வேலி கடந்து மேய்வது கோழியின் இயல்பு. ஒரு வளவினர் மட்டும் மருந்திடுவது போதாது. அயலவர் யாவரும் ஒரே நாளிற் கூடி இடுவித்தலே ஊருக்கு உறுதியான காவலாகும்.