பந்து ஏன் கையில் நிற்பதில்லை?

"முதலில் பேச்சு வரட்டும், ஓடியாடுவதெல்லாம் தானாக வந்துவிடும்." ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பல பிள்ளைகளுக்கு அது தானாக வருவதில்லை.

ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையனிடம் பந்தை எறிகிறோம். கையை நீட்டுகிறான். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் விரல்கள் மூடுகின்றன. பார்ப்பவர்கள் அவனுக்குக் கவனம் இல்லை என்கிறார்கள். ஆனால் பந்தைப் பிடிக்க, அது எங்கே, எப்போது வந்து சேரும் என்று முன்னதாகவே கணித்து, அதற்குள் கை தயாராக வேண்டும். அந்தக் கணிப்புதான் அவனுக்குக் கஷ்டம். பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்விலும், இப்பிள்ளைகள் மிகவும் திணறியது பந்து பிடிப்பதிலும் அசையாமல் சமநிலையில் நிற்பதிலும்தான்.

இந்த அசைவுச் சிக்கல் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1943-ல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, தூக்க வரும்போது உடம்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளாத குழந்தைகளையும், நடையில் தடுமாறிய சிலரையும் குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் ஆட்டிசத்தை உறுதிசெய்யும் முதன்மை அளவுகோல்களில் உடல் ஒருங்கிணைப்பு இடம்பெறவில்லை. பரிசோதனையில் கேட்கப்படாதது சிகிச்சைத் திட்டத்திலும் விடுபட்டுப்போகிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் கேட்டு 2020-ல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 87% பேருக்கு அசைவுத் திறனில் சிக்கல் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பிசியோதெரபி கிடைத்ததோ மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவாகத்தான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2009-ல் பால்டிமோரில் நடந்த ஒரு சோதனை. பிள்ளைகள் ஒரு ரோபோ கைப்பிடியைப் பிடித்து இலக்கை நோக்கி நகர்த்த வேண்டும். கைப்பிடி அவர்கள் கையைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைச் சமாளிக்கப் பழக வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே நன்றாகப் பழகினார்கள். பழகிய வழிதான் வேறு. கண் காட்டியதைவிடத் தங்கள் மூட்டும் தசையும் உணர்ந்ததையே அதிகம் நம்பினார்கள். அந்தச் சாய்வு கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்குப் பிறரைப் பார்த்துச் செய்வதும் கூடுதல் கஷ்டமாக இருந்தது.

நம் ஊரில் எதைக் கற்றுக்கொடுத்தாலும் எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம்? "இங்கே பார், நான் செய்கிற மாதிரி செய்." பரதநாட்டிய வகுப்பிலும் இதுதான், கராத்தே வகுப்பிலும் இதுதான். இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் கடினமான வழியை மட்டும் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இது எனக்கு வருத்தம் தருகிறது.

உடம்பின் வழியாகச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். பிள்ளை சம்மதித்தால், பின்னால் நின்று கையோடு கை வைத்து அசைத்துக் காட்டுங்கள். தொட்டால் பிடிக்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். முதலில் பலூன் போதும். அது மெதுவாக இறங்குவதால் கணிக்க நேரம் கிடைக்கும். அடுத்து, தரையில் காலை விரித்து எதிரெதிரே உட்கார்ந்து பெரிய பந்தை உருட்டுங்கள். எறிவது அதற்குப் பிறகுதான். இடம், நேரம், சொல்லும் வார்த்தை எல்லாம் முடிந்தவரை மாறாமல் இருக்கட்டும். கைகளைப் படபடவென்று அசைத்தால் தடுக்காதீர்கள். அது பெரும்பாலும் அவர்கள் தங்களை ஆற்றிக்கொள்ளும் வழி. எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள், கெண்டைக்கால் தசை இறுகிப்போகலாம்.

வசதி இருந்தால் நீச்சலை நான் முதலில் சொல்வேன். தண்ணீர் உடம்பு முழுக்க அழுத்துவதால் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தெளிவாகக் கிடைக்கும். எதிரணியும் கிடையாது, ஆட்டத்தின் நடுவில் மாறும் விதியும் கிடையாது. ஆனால் தண்ணீரைக் கண்டால் அதை நோக்கி ஓடும் பிள்ளைகள் இவர்களில் பலர், மூழ்கும் ஆபத்தும் அதிகம். நீச்சல் தெரிந்திருந்தாலும் ஒருவர் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

இந்தப் பயிற்சிகளால் ஆட்டிசம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பேச்சு வேறு, அசைவு வேறு என்று பிரிக்கவும் முடியாது. நடக்கத் தொடங்கிய குழந்தை ஒரு பொருளை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டுகிறது. அம்மா அதன் பெயரைச் சொல்கிறாள். பந்து பிடிக்கத் தெரிந்த பையனைத் தெருப்பிள்ளைகள் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். பேச்சுக்கு வேலை வருவது அங்கேதான்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னபோது, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் சேர்த்தே சொன்னது. ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. மாடிப்படி ஏறுவது, கடைக்கு வேகமாக நடப்பது, வாளியில் தண்ணீர் தூக்கிச் செடிக்கு ஊற்றுவது எல்லாம் உதவும்.

பள்ளியில் பி.டி. பீரியடில் உங்கள் பிள்ளையை மரத்தடியில் உட்கார வைக்கிறார்களா என்று விசாரியுங்கள். இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் 16-வது பிரிவு, அரசுப் பள்ளியும் அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியும் விளையாட்டில் சம வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. தலைமையாசிரியரிடம் அதைச் சொல்லுங்கள். பி.டி. மாஸ்டரிடம், பார்த்துச் செய்யச் சொல்வதோடு கையைப் பிடித்தும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.