சட்டையில் பச்சை நட்சத்திரம் குத்தியிருப்பவர் யார்?

எல்லையோர வெள்ளறடையில் பஸ்ஸுக்கு நிற்பவர் தமிழரா மலையாளியா என்று உடையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இருவர் இடுப்பிலும் கரை வைத்த அதே வெள்ளைத் துணிதான். ஒருவர் வேட்டி என்பார், மற்றவர் முண்டு என்பார். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில்தான் விழுந்தது. பனச்சமூடு சந்தையில் ஒருவர் வாய் திறந்து மரச்சீனிக்கு விலை கேட்ட பிறகும், அவர் வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்று பல நேரம் பிடிபடாது.

ஆனால் தங்கள் மொழியைச் சட்டையில் குத்திக்கொண்டு நடப்பவர்களும் உலகத்தில் உண்டு. எஸ்பெராண்டோ பேசுகிறவர்கள் அவர்கள். சட்டைப்பை மேலோ கழுத்துப்பட்டியிலோ ஐந்து முனை கொண்ட ஒரு சின்னப் பச்சை நட்சத்திரம் இருக்கும். கோவளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வெளிநாட்டுப் பயணிகள் போய்வரும் சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கமாகத்தான் போகிறது. என்றைக்காவது ஒன்று உங்கள் கண்ணிலும் படலாம்.

எஸ்பெராண்டோ எந்த நாட்டு மொழி?

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. லுட்விக் சாமன்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887-ல் வார்சாவில் வெளியிட்ட ஆக்கமொழி (ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய மொழி) அது. அவர் பிறந்த பியாவிஸ்தோக் நகரில் ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், இத்திஷ் என்று நான்கு மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் வாழ்ந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக, எவருக்கும் தாய்மொழியாக இல்லாத இரண்டாம் மொழி ஒன்று இருந்தால் சண்டை குறையும் என்று நினைத்தார். சண்டை குறையவில்லை. மொழி மட்டும் பிழைத்துக்கொண்டது.

அதற்கு பேட்ஜ் எதற்கு?

இந்த மொழிக்கு ஊர் கிடையாது. பேசுகிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். முகத்தைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ கண்டுபிடிக்க வழியே இல்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் தெரியாமலே இறங்கிப் போய்விடுவோம். அதற்குத்தான் இந்த அடையாளம். 1905-ல் பிரான்சின் பூலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாட்டில் ஏறக்குறைய 700 பேர் கலந்துகொண்டார்கள். நட்சத்திரம் பதித்த பச்சைக் கொடியும் அங்கேதான் ஏற்கப்பட்டது. பச்சை நம்பிக்கைக்கு, ஐந்து முனைகள் ஐந்து கண்டங்களுக்கு என்று விளக்கம் சொல்வது வழக்கம்.

நட்சத்திரம் மட்டும்தானா?

இல்லை. மொழியின் நூற்றாண்டை ஒட்டி, 1980-களில் இன்னொரு சின்னம் வந்தது. இரண்டு 'ஈ' எழுத்துகள், ஒன்று ரோமன், மற்றது ரஷ்ய எழுத்து, எதிரும் புதிருமாக நின்று முட்டை வடிவம் தரும். அதைக் கேலியாக 'முட்டை' என்றே அவர்கள் சொல்வதுண்டு. பச்சை டி-சர்ட், பச்சை டை, மாநாட்டில் கொடுத்த துணிப்பை இவையும் துப்புத் தரும். ஆனால் பச்சைச் சட்டை போட்டவரெல்லாம் எஸ்பெராண்டோக்காரர் ஆகிவிட மாட்டார்.

கேரளத்தில் பச்சையும் நட்சத்திரமும் என்றால் வேறு அர்த்தம் வருமே?

வரும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முஸ்லிம் லீக் கொடியும் பச்சை. அதில் மேல் மூலையில் வெள்ளைப் பிறையும் வெள்ளை நட்சத்திரமும் இருக்கும். எஸ்பெராண்டோ கொடியும் பச்சை; அதே மேல் மூலையில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் பச்சை நட்சத்திரம். தூரத்திலிருந்து யாரும் குழம்பலாம். பிறை இருக்கிறதா, நட்சத்திரத்தின் நிறம் என்ன என்று மட்டும் பாருங்கள். டிசம்பரில் இன்னொரு தொல்லை: வெள்ளறடைப் பக்கம் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும். அந்த மாதம் நட்சத்திரத்தை நம்பி யாரிடமும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்! சாமன்ஹோஃபின் பிறந்தநாளும் டிசம்பர் 15 என்பது தற்செயல்தான்.

உடம்பில் அடையாளம் போட்டுக்கொள்வது நம் ஊருக்குப் புதிதா?

புதிதே இல்லை. இந்த மண்ணில் ஒரு காலத்தில் உடை ஒவ்வொருவருக்கும் மேலிருந்து விதிக்கப்பட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணிய தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடக்க வேண்டியிருந்தது. 1859-ல் திருவிதாங்கூர் அரசு அனுமதித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த ஆண்களை, தலைப்பாகை கட்டியே வழிபடச் சொன்னார் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர். இன்றும் நிழல் தாங்கலுக்குள் (அய்யாவழி வழிபாட்டிடம்) போகும் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துணி கட்டி, நெற்றியில் சுடர் வடிவில் வெள்ளை நாமம் இட்டுக்கொள்கிறார்கள். எதிரே வருபவர் நெற்றியில் அந்த நாமத்தைப் பார்த்தால் "அய்யா உண்டு" என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.

பச்சை நட்சத்திரமும் இந்த வரிசையில்தான் வருகிறது: தானே விரும்பி எடுத்துக்கொண்ட அடையாளம், கூடவே ஒரு வாழ்த்து. சாதி, மதம், ஊர் எதையும் அது காட்டாது. "இந்த மொழியில் என்னிடம் பேசலாம்" என்பதை மட்டும் காட்டும். அந்த வகையில் எனக்கு இந்த பேட்ஜ்மேல் ஒரு மரியாதை உண்டு.

பார்த்தால் என்ன சொல்ல வேண்டும்?

"ஸலூட்டோன்" என்று சொல்லுங்கள். வணக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 'லூ'வில் அழுத்தம் தர வேண்டும். அந்த மொழியில் கடைசிக்கு முந்தைய அசையில்தான் எப்போதும் அழுத்தம் விழும். பிறகு, "சு வீ பரோலாஸ் எஸ்பெராண்டோன்?" என்று கேட்கலாம், எஸ்பெராண்டோ பேசுவீர்களா என்று பொருள். அந்த 'சு'வை, 'அச்சு' என்பதில் வருவது போல அழுத்திச் சொல்லுங்கள். இதற்கு மேல் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் குறைவில்லை. பேட்ஜ் அணிந்தவருக்கு இத்தனை தூரத்தில் இதைக் கேட்பதே பெரிய சந்தோஷம்.

அணிவதால் வம்பு ஏதும் வருமா?

முன்பு வந்தது. ஹிட்லர் இந்த மொழியை யூதர்களின் சதி என்றார். ஸ்டாலின் ஆட்சியில் 1937-ஐ ஒட்டிய களையெடுப்பில் எஸ்பெராண்டோக்காரர்கள் பலர் பிடிபட்டார்கள். சாமன்ஹோஃபின் மகள் லிடியா 1942-ல் திரெப்லிங்கா முகாமில் கொல்லப்பட்டார். இன்று நம் பக்கம் அப்படி எந்தப் பயமும் இல்லை. அதிகம் போனால், கட்சிக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தியாவில் இதைப் பேசுகிறவர்கள் உண்டா?

குறைவு, ஆனால் உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த மொழியியலாளர் புரோபல் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை உலக எஸ்பெராண்டோ சங்கத்தின் தலைவராகவே இருந்தார். 2008-ல் ஆசிய மாநாடு பெங்களூரில் நடந்தது.

பேட்ஜ் இல்லாமல் ஆள் தேட முடியாதா?

முடியும். 2017-ல் வந்த அமிக்கூமு என்ற செயலி, உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தூரவாரியாகக் காட்டும். மொழி தெரிந்த பயணிக்கு வீட்டில் இலவசமாகத் தங்க இடம் தருபவர்களின் பட்டியல் ஒன்றும் 'பஸ்போர்த்தா செர்வோ' என்ற பெயரில் 1974 முதல் இருக்கிறது. செயலியில் பழகியவரை முதலில் சந்திப்பது பொது இடத்தில் இருக்கட்டும். பேட்ஜ் நல்ல மனிதர் என்பதற்குச் சான்றிதழ் கிடையாது.

நீங்களே ஒன்று குத்திக்கொள்ள விரும்பினால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. வெள்ளைத் துணியில் பச்சை நூலால் தைத்துக்கொண்டாலே போதும். தெற்கன் குருசுமலை ஏறும் யாத்திரைக் கூட்டத்தில் அதோடு நடந்தால், தமிழிலும் மலையாளத்திலும் ஒரே கேள்விதான் வரும்: "இது எந்தக் கட்சி?" கட்சி இல்லை, ஒரு மொழி என்று சொல்லிவிடலாம். அடுத்து "எந்த நாட்டு மொழி?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லி முடிக்க மலை உச்சிவரை நேரம் வேண்டும்.