பாதயாத்திரைக்குப் புதுச் செருப்பா?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் விஸ்வநத்தத்தில் இருக்கன்குடிப் பேச்சுதான். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிற மாரியம்மன் கோவிலுக்கு, சாத்தூர் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நடை.

புறப்படும் அன்று பளபளவென்று புதுச் செருப்பு மாட்டிக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. சாத்தூர் வருமுன்பே கொப்புளம்தான்! பதினைந்து நாள் முன்பே வாங்கி, கடைக்குப் போக வரப் போட்டுப் பழக்குங்கள். மாலையில் வாங்கப் போவது நல்லது; அதற்குள் பாதம் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போதும் அப்படித்தானே வீங்கும்? ஹவாய் செருப்பு வீட்டுக்குச் சரி. நெடுந்தூரத்துக்குப் பின்வார் வேண்டும். வாரை ஒட்டியதோடு விடாமல் தைத்தும் இருக்கிறார்களா என்று இழுத்துப் பாருங்கள்.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்பவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம். பாதம் மரத்திருந்தால் தார் ரோடு சுட்டாலும், முள் ஏறினாலும் தெரியாது. புண் ஆறாமல் விரலையே எடுக்கும்படி ஆகிவிடலாம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. "ஆத்தாகிட்டே செருப்போடயா போறது?" என்றார்.

"கோவில் வாசல்ல கழட்டிக்கலாம்க்கா. கால் இருந்தாத்தானே அடுத்த ஆடிக்கும் வரலாம்?"

டாக்டர் சொன்னபடி பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவர் பாதத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாத்தூரில் குதிகாலில் லேசாகச் சிவந்திருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை! மீதித் தூரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டோம். முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினார்.