50-க்கும் 60-க்கும் இடையில்: பழைய வீடியோ கேம், புதிய பதிப்பு, ஒரு கணக்கு

1995 ஏப்ரலில் சேகா நிறுவனம் ஷா வாலஸ் நிறுவனத்தோடு கைகோத்து மெகா டிரைவ் இயந்திரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஒன்றின் விலை 18,000 ரூபாய். அன்றைய இறக்குமதி வரி 80 சதவீதம். அதைத் தவிர்க்கவே உள்நாட்டுக் கூட்டாளி தேவைப்பட்டார். வருமான வரிக் கணக்கில் பயன்படும் விலைப் பணவீக்கக் குறியீடு 1995-96-ல் 281, 2001-02-ல் 426. பிறகு 426-ஐ 100 ஆக்கித் தொடங்கிய புதிய வரிசையில் 2019-20-க்கு 289. மொத்த உயர்வு 4.38 மடங்கு. இதன்படி அந்த 18,000 ரூபாய் 2019-20-ல் சுமார் 78,860 ரூபாய்க்குச் சமம். இக்குறியீடு நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கையே கணக்கில் எடுப்பதால், உண்மைச் சுமை இதைவிடக் கூடுதல்.

அதே இயந்திரத்தின் சிறிய மறுவெளியீடு, மெகா டிரைவ் மினி, 2019 செப்டம்பரில் வந்தது. அமெரிக்க விலை 79.99 டாலர், அப்போதைய மாற்று விகிதமான சுமார் 71 ரூபாயில் 5,680 ரூபாய், வரியும் அனுப்பும் செலவும் நீங்கலாக. உள்ளே 42 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 135 ரூபாய். பணவீக்கம் சேர்த்த அசல் விலையில் இந்த 5,680 ரூபாய் 7.2 சதவீதம்.

18,000 ரூபாய் இயந்திரத்தை எங்கள் ராஜபாளையத்தில் எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. எங்களுக்கு வாய்த்தது நின்டெண்டோ இயந்திரத்தின் நகலும் ‘9999 இன் 1’ என்று அட்டை ஒட்டிய கேசட்டும். அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழ்ப்பக்கம் 60 தொடுமுனைகள், ஒரு பக்கத்துக்கு 30. நாங்கள் வாயால் ஊதியது அந்த வரிசையில்தான். பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்த்ததில் தனித்தனி ஆட்டங்கள் 7. மற்ற 9,992 வரிகளும் அதே ஏழையே வேறு கட்டத்திலோ வேறு உயிர்க் கணக்கிலோ தொடங்கின. அட்டையில் எழுதியிருந்ததில் 0.07 சதவீதமே கேசட்டுக்குள் இருந்தது. உரிமம் இல்லாததுதான், என்றாலும் இந்த ஊருக்கு வந்த முதல் மறுவெளியீடு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஏழில் ஒன்று 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். அதன் முழு அளவு 40 கிலோபைட். நின்டெண்டோ 2016 நவம்பரில் 59.99 டாலருக்கு வெளியிட்ட, 30 ஆட்டங்கள் கொண்ட மறுவெளியீட்டு இயந்திரத்தின் சேமிப்பிடம் 512 மெகாபைட். 13,107 மாரியோக்கள் கொள்ளும் இடம். அளவில் இத்தனை தூரம். ஆனால் எங்கள் மாரியோவுக்கும் ஜப்பானிய அசலுக்கும் உள்ள வேறுபாடு அளவில் இல்லை, நேரத்தில் இருந்தது. முதல் கட்டத்தில் திரையின் கடிகாரம் 400-ல் தொடங்கும். ஓர் எண் குறைய 24 ஃபிரேம்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் என்பதால் 400 தீர 160 நொடி. இந்தியத் தொலைக்காட்சியின் பிஏஎல் முறை நொடிக்கு 50. அதே 400 இங்கே 192 நொடி. 32 நொடி கூடுதல் அவகாசம் இருந்தது நல்லதுதான். ஆனால் மாரியோவின் ஓட்டமும் பாட்டும் அதே அளவுக்குத் தளர்ந்தன. நான் அறிந்த மாரியோ, உருவாக்கியவர்கள் நினைத்த வேகத்தில் 83.3 சதவீதமே ஓடியவர். இது தெரியவந்தபோது எனக்கு 30 வயது கடந்திருந்தது.

மெகா டிரைவ் வாங்கியவர்களும் இதில் தப்பவில்லை. 1991-ன் சோனிக் ஆட்டத்தின் படம் 224 வரிகள். பிஏஎல் திரையில் தெரியக்கூடியவை 288. மீதி 64 வரிகள், அதாவது 22 சதவீதத் திரை, மேலும் கீழும் கறுப்பு. 2019-ன் மினி எல்லா நாட்டிலும் 60-லேயே ஓடுகிறது. ஆகவே இந்திய ஆட்டக்காரருக்கு இவ்விஷயத்தில் மறுவெளியீடே அசலுக்கு நெருக்கம். அவர் கையில் இருந்த அசலைவிட.

இதற்கு நேர்மாறு சோனி. 2018 டிசம்பர் 3 அன்று 99.99 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் 20 ஆட்டங்கள். அவற்றில் 9, டெக்கன் 3 உட்பட, 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பியப் பதிப்புகள். 1994-ன் அசல் இயந்திரத்தின் பிராசசர் 33.87 மெகாஹெர்ட்ஸ், இதில் 1,500. கடிகார வேகத்தில் 44 மடங்கு. முதன்மை நினைவகம் 2 மெகாபைட்டிலிருந்து 1 ஜிகாபைட், 512 மடங்கு. அப்படியும் 50 ஃபிரேமை 60 இடத்தில் நிரப்ப, ஐந்துக்கு ஒன்று இருமுறை காட்டப்பட்டது. நகர்வு தடுக்கியது, வேகத்தை ஈடுகட்டாத ஆட்டங்கள் 16.7 சதவீதம் மெதுவாயின. அந்த டிசம்பர் முடிவதற்குள் விலை 59.99 டாலர். 40 சதவீதச் சரிவுக்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு காரணம் என்று சொல்லலாம்.

கேசட்டுக்கு அடுத்த காலம் பிரவுசிங் சென்டர்களுடையது. ராஜபாளையத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் 2006-ல் நான் ஆடிய வைஸ் சிட்டிக்கு மணிக்கு 20 ரூபாய். முதன்மைக் கதை ஏறத்தாழ 20 மணி நேரம். ஆக 400 ரூபாய். குறியீடு 2006-07-ல் 122, 2021-22-ல் 317. எனவே அது 1,039 ரூபாய்க்குச் சமம். ஆட்டம் நகலெடுத்த சிடியிலிருந்து ஏற்றப்பட்டது. உருவாக்கியவர்களுக்கு அதில் சேர்ந்தது 0 ரூபாய் என்பதையும் இந்தக் கணக்கில் எழுதியே ஆக வேண்டும். 2021 நவம்பர் 11 அன்று வைஸ் சிட்டி உட்பட ஜிடிஏ வரிசையின் மூன்று ஆட்டங்கள் ஒன்றாக 59.99 டாலருக்கு மறுவெளியீடு கண்டன. 74 ரூபாய் விகிதத்தில் 4,439. மூன்றில் ஒரு பங்கு 1,480. பிரவுசிங் சென்டர் செலவைவிட 42 சதவீதம் கூடுதல். இதற்கு உரிமம் உண்டு, மணிக்கணக்கு இல்லை. நியாயமான விலைதான்.

நியாயம் குலைவது கணினியில். 2003-ன் வைஸ் சிட்டிக்குக் குறைந்தபட்சத் தேவை 128 மெகாபைட் நினைவகம், 32 மெகாபைட் கிராபிக்ஸ் கார்டு. மறுவெளியீட்டுக்கு 8 ஜிகாபைட், 2 ஜிகாபைட். இரண்டிலும் 64 மடங்கு. மூன்று அசல்களுக்கும் சேர்த்து வன்தட்டில் சுமார் 5 ஜிகாபைட் போதும், மறுவெளியீட்டுக்கு 45. மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிளேஸ்டேஷன் 2 அசல்களின் மதிப்பெண் 97, 95, 95. மறுவெளியீடு எந்தத் தளத்திலும் 60-ஐ எட்டவில்லை.

மதிப்பெண்ணைவிட என்னை வருத்தியது வேறு. மறுவெளியீட்டுக்கு முந்தைய மாதமே அசல்கள் மூன்றும் இணைய விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. ஜிடிஏவை வெளியிடும் ராக்ஸ்டார் நவம்பர் 19 அன்று மன்னிப்புக் கேட்டு, கணினிப் பதிப்புகளை மட்டும் தன் கடையில் திரும்ப வைக்க ஒப்புக்கொண்டது. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த ஆட்டங்களில் அப்போது விலைக்குக் கிடைத்தவை 13 சதவீதம். பிளேஸ்டேஷன் 2-க்கு 12. கேம் பாய்க்கு 5.87. மறுவெளியீடு வர அசல் போகும் வழக்கம் தொடர்ந்தால், அந்த 13-க்குள்ளேயே எத்தனை அசல் என்று தனியாக எண்ண வேண்டியிருக்கும்.

வைஸ் சிட்டியின் மாலை வானம் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாக இருக்கும். 15 அங்குல மானிட்டரில் அதைப் பார்க்கவே கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். 45 ஜிகாபைட் பதிப்பு வந்தபோது அதில் அந்த வானம் இல்லை. ‘கிளாசிக்’ ஒளியமைப்பு என்ற பெயரில் பழைய வானத்தை ஒட்டிய ஒன்று கணினிப் பதிப்புக்கு வந்த நாள் 2024 நவம்பர் 12; வெளியீட்டிலிருந்து 3 ஆண்டு, 1 நாள். 2003-ல் அந்த வானம் 915 மெகாபைட்டுக்குள் இருந்தது.