புதுக் காருக்குச் சட்டை தேவையா?

வீட்டில் முதல்முறையாகக் கார் வாங்குகிறார்கள். சீட்டு எடுத்த பணம் கொஞ்சம், பேங்க் லோன் மிச்சம் என்று அப்பா எப்படியோ புரட்டிவிட்டார். டயருக்கு அடியில் வைக்க அம்மா கையில் எலுமிச்சம்பழம். நீங்க செல்ஃபிக்கு ரெடி. அந்த நேரம் பார்த்து ஷோரூம்காரர் பக்கத்தில் வருவார்.

"சார், இவ்ளோ செலவு பண்ணி வண்டி எடுக்கறீங்க. ஒரு பி.பி.எஃப். போட்டுட்டீங்கன்னா பெயின்ட் பத்திக் கவலையே இல்லை. ஒரு லட்சம்தான். லோன்லயே சேர்த்துக்கலாம் சார்!"

அப்பாவுக்குத் தெரிந்த பி.பி.எஃப். போஸ்ட் ஆபீஸில் பணம் போடுவது! அவர் மெதுவாக உங்கள் பக்கம் திரும்புவார். "படிக்கிற புள்ளைதானே... நீ சொல்லுடா. போடலாமா, வேணாமா?"

என்ன சொல்லப் போறீங்க?

அது என்ன சமாச்சாரம்?

பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம் என்பதன் சுருக்கம்தான் பி.பி.எஃப். செல்போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறோமே, அதேபோல காருக்கு ஒரு கண்ணாடிச் சட்டை. நல்ல ஃபிலிம் டி.பி.யூ. எனப்படும் ஒருவகை பாலியூரிதேனில் செய்யப்படுகிறது. வியட்நாம் போர் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் தூசியும் அரித்துவிடாமல் காக்க வந்த ஐடியா இது. அப்புறம் ரேஸ் கார்களுக்குப் போய், இன்று நம்ம தெருவுக்கே வந்துவிட்டது.

வேலை செய்யுமா? செய்யும். காரின் பெயின்ட் மொத்தமே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒண்ணு, ரெண்டு தலைமுடியின் தடிமன். அதிலும் பளபளப்பைத் தரும் மேல் அடுக்கான கிளியர் கோட் 50 மைக்ரான் இருந்தாலே அதிகம். அதன்மேல் ஒட்டும் ஃபிலிமோ 150 முதல் 200 மைக்ரான். அதாவது, பெயின்டைவிடச் சட்டை தடிமன்! ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் பைபாஸில் போகும்போது தெறிக்கிற பொடிக்கல்லின் அடியை அது வாங்கிக்கொள்ளும். லேசான கீறல் விழுந்தால், வெயில் சூட்டில் தானாகவே மறைந்துவிடும்.

ஆனால் ஆட்டோ வந்து இடித்தால்? நசுங்குவது தகரம். அதுக்கு எந்தச் சட்டையும் உதவாது பாஸ்!

தம்பிமார்கள் இருவர்

ஃபிலிம் வேண்டாம் என்றால் அடுத்து வருவது 'செராமிக் கோட்டிங்'. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், கழுவுவது சுலபம், பளபளப்பு அள்ளும். எல்லாம் நிஜம். ஆனால் அதன் தடிமன் ஓரிரு மைக்ரான்தான். கல்லடியை அது தாங்காது. '9ஹெச் கடினம்' என்று விளம்பரத்தில் வரும். ஏதோ வைரத்துக்குப் பக்கத்து வீடு என்று நினைக்காதீங்க. அது பென்சில் அளவு! ஹெச்.பி., 2ஹெச் என்று டிராயிங் கிளாஸில் பென்சில் வாங்குவீங்களே, அந்த வரிசையில் வருகிற 9ஹெச்.

இன்னொருவர் 'டெஃப்லான் கோட்டிங்'. தோசைக்கல்லில் டெஃப்லான் ஒட்டிக்கொள்ள அதை 350 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். உங்கள் காரை அப்படிச் சூடேற்ற முடியுமா? அதனால் அந்தப் பெயரில் பெரும்பாலும் கிடைப்பது சில மாதம் நிற்கும் பாலிஷ் வகைதான்.

ஆக, கல்லடிக்கு மருந்து ஃபிலிம் மட்டுமே. கேள்வி, அந்தக் கல்லடி உங்கள் காருக்கு விழுமா என்பதுதான்.

வாங்க, கணக்குப் போடலாம்

நல்ல டி.பி.யூ. ஃபிலிமை முழுக் காருக்கும் ஒட்ட, காரின் அளவைப் பொறுத்து ஒரு லட்சத்தை ஒட்டியோ, தாண்டியோ கேட்பார்கள். அதை லோனில் சேர்த்தால், 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு மாதம் 2,076 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 1,24,550 ரூபாய். 'லோன்லயே சேர்த்துக்கலாம் சார்' என்பதன் அர்த்தம் இதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கம்பெனியில் அடித்த பெயின்ட் சுமார் 140 டிகிரியில் அடுப்பில் வெந்து வந்தது. வெளியே மறுபடி பெயின்ட் அடிக்கும்போது அந்தச் சூடு கொடுக்க முடியாது. பிளாஸ்டிக், வயரிங் எல்லாம் உருகிவிடும். எனவே ஒரிஜினல் பெயின்டுக்கு மதிப்பு நிஜமாகவே அதிகம். பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்டின் தடிமனை மீட்டர் வைத்துப் பார்ப்பதும் அதனால்தான்.

ஆனால் பத்து லட்சத்துக்கு வாங்கிய காரை ஏழு வருஷம் கழித்து விற்கும்போது, ஃபிலிமுக்குப் போட்ட லட்சத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு கதவுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கச் சில ஆயிரங்கள்தான் ஆகும்.

அப்போ யாருக்கு லாபம்?

வாரா வாரம் ஹைவேயில் பறக்கிறவர்களுக்கு, விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர்களுக்கு, மேட் ஃபினிஷ் பெயின்ட் எடுத்தவர்களுக்கு ஓகே. மேட் பெயின்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டிலிருந்து ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை கோயில், வருஷத்துக்கு இரண்டு தடவை ஊர் என்று ஓடுகிற காருக்கு முழுச் சட்டை வேண்டாம். ஆசையாக இருந்தால் முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, சைடு மிரர், கதவுக் கைப்பிடியின் உள்பக்கம் மட்டும் ஒட்டச் சொல்லுங்க. கல் விழுவதும் நகம் கீறுவதும் அங்கேதான். செலவும் ஒரு பகுதியாகக் குறையும்.

ஒட்டுவதாக முடிவு செய்தால் மூன்று கேள்வி கேளுங்க. டி.பி.யூ.வா, பி.வி.சி.யா? (பி.வி.சி. விலை குறைவு. ஆனால் சீக்கிரம் மஞ்சளாகும், இறுகிப்போகும்.) மெஷினில் வெட்டி ஒட்டுவீங்களா, வண்டிமேல் வைத்து பிளேடால் வெட்டுவீங்களா? (கை தவறினால் பிளேடு பெயின்டையும் பதம் பார்க்கும்.) மஞ்சளானால் வாரன்டி உண்டா, எழுதித் தருவீங்களா? பதிலில் இழுத்தால் கிளம்பிடுங்க.

பைக் பார்ட்டிகளே, உங்களுக்கும் உண்டு! டேங்க்கைக் கெடுப்பது கல் இல்லை. உங்கள் பெல்ட் பக்கிளும், மடியில் வைக்கிற பேகின் ஜிப்பும்தான். அந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டு ஃபிலிம் அல்லது டேங்க் பேட் ஒட்டினால் போதும்.

காசில்லாத சட்டை

நம்ம ஊர் கார்களின் பெரிய எதிரி யார் தெரியுமா? காலையில் காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறோமே, அதுதான்! தூசி என்பது பொடி மணல். காய்ந்த துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரிவது அந்தக் கைங்கரியம்தான்.

முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்க. ஷாம்பு தண்ணிக்கு ஒரு பக்கெட், துணியை அலச ஒரு பக்கெட். மைக்ரோஃபைபர் துணி. நிழலில் வைத்துக் கழுவுங்க. போர் தண்ணியை அப்படியே காய விட்டால் உப்புக்கறை படியும், உடனே ஒற்றி எடுங்க. காக்கா எச்சத்தை அன்றைக்கே ஊறவைத்துத் துடையுங்க. அதிலிருக்கும் அமிலம் வெயிலோடு சேர்ந்தால் கிளியர் கோட்டை அரித்துவிடும். இதற்கெல்லாம் ஆகிற செலவு சில நூறு ரூபாயும், ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரமும்.

இப்போ அப்பா இன்னும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்க: "முழுசா வேணாம்ப்பா. முன்பக்கம் மட்டும் போதும். அதுவும் லோன்ல வேணாம். ஞாயித்துக்கிழமை வண்டி கழுவறது என் பொறுப்பு."

என்றாவது ஒருநாள் முதல் கீறல் விழத்தான் போகுது. அன்னிக்குக் கொஞ்சம் வலிக்கும். மறுநாள் பழகிடும். ஆனா மாசாமாசம் போற 2,076 ரூபாய், 60 மாசமும் வலிக்கும்!